டிரைவிங் ஸ்கூல் தேடுகிறீர்களா? போர்டைப் பார்க்காதீர்கள், மாஸ்டரின் காலைப் பாருங்கள்

எங்கள் பக்கத்தில் கார் பழகப் போகிறேன் என்று யாரிடமாவது சொன்னால் உடனே வரும் கேள்வி இரண்டுதான். எந்த ஸ்கூலுங்க? எவ்வளவு வாங்கறாங்க? யார் சொல்லித் தருகிறார் என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. ஆனால் இருபது நாளும் உங்கள் பக்கத்து சீட்டில் உட்காரப்போவது ஸ்கூல் இல்லை, ஒரு ஆள். அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்பதை வைத்துத்தான் நாளைக்கு நீங்கள் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கோ சந்தைக்கோ போவீர்களா, இல்லை லைசென்ஸைப் பர்ஸில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரர் வரட்டும் என்று வாசலில் நிற்பீர்களா என்பது முடிவாகும்.

நான் காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். 38 வயதில் கார் பழகினேன், அதுவும் இரண்டு இடத்தில் பணம் கட்டி. அதற்கப்புறம் என் நங்கையா (அண்ணி), தங்கச்சி மகள், ஈரோட்டில் இருக்கும் சித்தி, கூட வேலை பார்க்கும் இரண்டு பேர் என்று ஐந்து பேருக்கு மாஸ்டர் தேடிக் கொடுத்திருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் எனக்கு நடந்தது. நான் முதலில் சேர்ந்த இடத்தில் 20 நாள் வகுப்பு, தினமும் காலையில் அரை மணி நேரம். மூன்றாம் நாளே மெயின் ரோட்டில் ஓட்டினேன், பத்தாம் நாள் டவுனுக்குள் ஓட்டினேன், வண்டி ஒரு தடவைகூட ஆஃப் ஆகவில்லை. "உங்களுக்கு நல்லா வந்துருச்சுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வண்டியை எடுத்தேன். தோட்டத்து இட்டேரியிலிருந்து (வேலிகளுக்கு நடுவே போகும் மண் தடம்) தார் ரோட்டுக்கு ஏறும் இடத்தில் ஒரு சின்ன மேடு, இடுப்பு உயரம்கூட இருக்காது. அதில் வண்டி ஆஃப் ஆனது. மறுபடி ஸ்டார்ட் செய்தேன், மறுபடி ஆஃப். நான்காவது தடவை பின்னால் உருண்டு கிளுவை வேலியில் போய்ச் சாய்ந்து நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆத்தா ஓடி வந்து "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே கண்ணு" என்று கேட்டபோது எனக்குக் கையெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு ராத்திரி யோசித்தபோதுதான் விளங்கியது, அந்த இருபது நாளும் கிளட்ச் மிதித்தது நான் இல்லை. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் மாஸ்டர் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்கும். இரண்டு பக்கத்துப் பெடலும் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் அவர் மிதித்தால் உங்கள் பக்கத்துப் பெடலும் தானாகக் கீழே இறங்கும். என் கால் அழுத்துவதற்கு முன்னாடியே என் பெடல் இறங்கியதை நானே பல தடவை கவனித்திருக்கிறேன், பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்போல என்று விட்டுவிட்டேன். ஸ்டீயரிங்கும் அப்படித்தான். அவருடைய வலது கை ஸ்டீயரிங்கின் அடியில் எப்போதும் லேசாகப் பிடித்தபடியே இருந்தது. ஆக நான் பழகியது ஆக்ஸிலேட்டர் மிதிக்கவும், பயமில்லாமல் உட்காரவும் மட்டும்தான்.

எல்லா மாஸ்டரும் வேண்டுமென்றே ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. வண்டி நடுரோட்டில் நின்றால் அடுத்த ஆளுக்கு நேரமாகும், கிளட்ச் பிளேட் தேய்ந்தால் ஸ்கூல்காரருக்குச் செலவு, பழகுகிறவருக்கும் ஆஃப் ஆகாமல் ஓட்டினால் சந்தோஷம். எல்லாருக்கும் வசதியாக இருப்பதால் அது அப்படியே நடக்கிறது, கடைசியில் மேட்டில் மாட்டிக்கொள்வது பழகியவர்தான்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

எல்.எல்.ஆர் (பழகுநர் உரிமம்) கையில் இல்லாமல் ஒரு நாள்கூட ரோட்டில் ஸ்டீயரிங் பிடிக்காதீர்கள். காருக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும். பரிவாகன் (Parivahan) என்ற அரசு இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், ஸ்கூல் மூலமாகத்தான் போட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. எல்.எல்.ஆர் 6 மாதம் செல்லும், எடுத்து 30 நாள் கழிந்த பிறகுதான் லைசென்ஸ் டெஸ்டுக்குப் போக முடியும். இந்த 30 நாளையும் 6 மாதத்தையும் மனதில் வைத்துக்கொண்டு அவசரப்படாமல் ஆள் தேடுங்கள். பல பேர் எல்.எல்.ஆர் போட்ட அன்றைக்கே அந்த ஸ்கூலிலேயே முழுப் பணத்தையும் கட்டிவிடுகிறார்கள், அதைத்தான் முதலில் தவிர்க்க வேண்டும்.

வீட்டில் இருப்பது கியர் வண்டியா ஆட்டோமேட்டிக்கா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். கார் லைசென்ஸுக்கு இரண்டுக்கும் தனித்தனிப் பிரிவு நம் ஊரில் கிடையாது. ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்டப்போகிறேன் என்றாலும் கியர் வண்டியில் பழகிவிடுவது நல்லது என்பது என் எண்ணம். நோம்பிக்கு ஊருக்குப் போன இடத்தில் அப்பாருக்கு (தாத்தாவுக்கு) ராத்திரி நெஞ்சு வலித்தால் அங்கே நிற்பது கியர் வண்டியாகத்தான் இருக்கும்.

அப்புறம் இந்த ஒரம்பரை (சொந்தக்காரர்) விஷயம். "பணம் எதுக்குக் கட்டறீங்க, நம்ம மாப்ள சொல்லித் தருவான், வாய்க்கால் ரோடு காலியாத்தான இருக்குது" என்று ஒருவராவது சொல்வார். கீழ்பவானி வாய்க்காலாகட்டும், பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்காலாகட்டும், கரைத் தடம் காலியாக இருக்கும் என்பது நிஜம்தான். ஆனால் ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பள்ளம், பெரும்பாலான இடத்தில் தடுப்பு கிடையாது, வீட்டு வண்டியில் பக்கத்து சீட்டுக்காரருக்குப் பிரேக்கும் கிடையாது. பழகுகிறவர் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டால் மாப்பிள்ளை என்ன செய்ய முடியும்? சட்டமும் இதைத்தான் கேட்கிறது, எல்.எல்.ஆர் வைத்திருப்பவர் ஓட்டும்போது பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் வண்டியை நிறுத்தக்கூடிய நிலையில் உட்கார்ந்திருக்க வேண்டும், முன்னாலும் பின்னாலும் வெள்ளைப் பலகையில் சிவப்பு எல் எழுத்து இருக்க வேண்டும். முதல் பத்து நாள் இரட்டைப் பெடல் வண்டியில் பழகிவிட்டு அதற்கப்புறம் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள், அப்போது அது உண்மையிலேயே உதவும்.

யாரிடம் விசாரிப்பது

பழகி ரொம்ப நாள் ஆனவர்களிடம் கேட்டுப் பயனில்லை, அவர்கள் பழகிய மாஸ்டர் இன்றைக்கு அங்கே இருக்க மாட்டார். போன ஒரு வருஷத்துக்குள் பழகியவர்களைத் தேடுங்கள். "நல்லா சொல்லித் தந்தாங்களா" என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "பழகி முடிச்ச அடுத்த வாரம் தனியா எங்க ஓட்டிட்டுப் போனீங்க?" என்று கேளுங்கள். திருப்பூர் போனேன், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டேன் என்று பதில் வந்தால் அந்த மாஸ்டரின் பெயரையும் அவர் எந்த நேரத்து வகுப்புக்கு வருவார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். "இன்னும் எடுக்கலைங்க, பயமா இருக்குது" என்ற பதில் இரண்டு மூன்று பேரிடமிருந்து வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். நான் சித்திக்காக ஈரோட்டில் விசாரித்தபோது நிறைய பேர் சொன்ன பெரிய ஸ்கூல் இந்தக் கேள்வியில்தான் கழிந்தது.

இப்படி மூன்று பெயர் கிடைத்தால் போதும், நேரில் போகலாம்.

ஆபீஸில் ஐந்து நிமிஷம்

உட்கார்ந்ததும் சுவரைப் பாருங்கள். ஆர்டிஓ ஆபீஸ் கொடுத்த டிரைவிங் ஸ்கூல் உரிமம், படிவம் 11 என்று இருக்கும், அசல் உரிமமே எல்லார் கண்ணுக்கும் படும்படி மாட்டியிருக்க வேண்டும். 5 வருஷத்துக்குத்தான் அது செல்லும் என்பதால் தேதியையும் பாருங்கள். சொல்லித் தருகிறவர்களின் பெயர்களும் எழுதி வைத்திருக்க வேண்டும். சொல்லித் தருகிறவர் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், குறைந்தது 5 வருஷ ஓட்டுநர் அனுபவமும் மோட்டார் மெக்கானிக் படிப்புச் சான்றிதழும் வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. அந்தச் சுவரில் ஒரு பெயரும், வண்டியில் உட்காருவது வேறொரு தம்பியும் என்றால் அந்தத் தம்பி யார் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

அடுத்து கேட்க வேண்டியது மணிக்கணக்கு. விதிப்படி சொந்த உபயோகக் கார் பழக 21 நாளுக்குக் குறையாத பயிற்சி, அதில் 10 மணி நேரத்துக்குக் குறையாமல் நீங்களே ஓட்டியிருக்க வேண்டும். ஒவ்வொருவரும் எந்தத் தேதியில் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை ஓட்டினார்கள் என்பதற்குப் படிவம் 15 என்று ஒரு பதிவேடே உண்டு. "அந்த ரிஜிஸ்டர்ல தினமும் கையெழுத்து வாங்குவீங்களா?" என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். கேட்டதும் அவர் முகம் போகும் போக்கிலேயே பாதி தெரிந்துவிடும்.

"10 நாள் பேக்கேஜ்", "15 நாளில் லைசென்ஸ் உறுதி" என்பதெல்லாம் எனக்குப் பிடிப்பதில்லை. டெஸ்ட் வைப்பது பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்), லைசென்ஸ் கொடுப்பது ஆர்டிஓ ஆபீஸ், ஸ்கூல் இல்லை. கொடுக்காத ஒருவர் எதை உறுதி சொல்கிறார் என்று யோசியுங்கள்.

பணத்தைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள், இது முக்கியம். பயிற்சிக்கு எவ்வளவு, அரசுக் கட்டணம் எவ்வளவு, வேறு என்ன. விதியில் உள்ள அரசுக் கட்டணம் காருக்கு மட்டும் என்றால் எல்.எல்.ஆருக்கு 150 ரூபாய், அதன் தேர்வுக்கு 50, ஓட்டும் தேர்வுக்கு 300, லைசென்ஸ் கொடுக்க 200. இதற்கு மேல் மாநிலத்தின் சேவைக் கட்டணம், கார்டுக்கான தொகை என்று கொஞ்சம் சேரும். எல்லாமே நீங்களே ஆன்லைனில் கட்டி ரசீது எடுக்கக்கூடியவை. "ஆபீஸ் செலவு" என்று பெயர் சொல்லாமல் ஒரு தொகை சீட்டில் இருந்தால் அது எதற்கு என்று கேளுங்கள், பதில் தெளிவாக வராவிட்டால் பயிற்சிக்கு மட்டும் பணம் கட்டிவிட்டு டெஸ்டை நீங்களே பதிவு செய்துகொள்ளுங்கள். முழுத் தொகையும் முதல் நாளே கேட்டால் பாதி மட்டும் கட்டுகிறேன் என்று சொல்லுங்கள், நான் கேட்ட இடங்களில் பெரும்பாலும் ஒத்துக்கொண்டார்கள்.

பின் சீட்டில் ஒரு நாள்

இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். பணம் கட்டுவதற்கு முன்னால், வெள்ளென ஆறரை மணி வகுப்புக்கு ஒரு நாள் பின் சீட்டில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று கேளுங்கள். அநேகமாக விடுவார்கள். விடவே மாட்டேன் என்றால் ஒரே ஒரு வகுப்புக்கு மட்டும் பணம் கட்டி நீங்களே ஓட்டிப் பாருங்கள்.

பின் சீட்டில் இடது பக்கம் உட்காராமல் நடுவில் உட்காருங்கள், மாஸ்டரின் முழங்கால் தெரியும். முழங்கால் ஒவ்வொரு கியருக்கும் ஏறி இறங்கினால் வண்டி ஓட்டுவது அவர். நல்ல மாஸ்டரின் கால் பிரேக்குக்குப் பக்கத்தில் தயாராகத் தரையில் இருக்கும், ஆபத்து என்றால் மட்டும் போகும். நீங்களே ஓட்டினால் இன்னும் சுலபம், உங்கள் பாதத்தை ஒரு நொடி பெடலிலிருந்து மேலே எடுங்கள், பெடல் தானாக இறங்குகிறதா என்று பாருங்கள்.

எனக்கு இரண்டாவதாகக் கிடைத்த மாஸ்டர் முன்பு சங்ககிரி லாரியில் வடக்கே ஓடியவர், அறுபது வயதுக்கு மேல். முதல் இரண்டு நாள் அவர் என்னை ரோட்டுக்கே கூட்டிப் போகவில்லை. ஒரு காலி மைதானத்தில் நிறுத்தி, ஆக்ஸிலேட்டரைத் தொடாதே, கிளட்ச்சை மட்டும் விட்டு வண்டியை நகர்த்து என்றார். வண்டி ஆஃப் ஆனது, ஆஃப் ஆனது, ஆஃப் ஆனது. ஒரு தடவைகூட அவர் காலை நீட்டவில்லை.

"மெதுவா விடுங்க அம்மிணி. விட விட வண்டி லேசா உதறும் பாருங்க, முன்பக்கம் ஒரு இம்மி தூக்கும், அங்க நிறுத்தோணும் காலை. நிறுத்தியாச்சா? இப்ப மூச்சு விடுங்க."

"ஆஃப் ஆயிருதுங்க மாஸ்டர்."

"ஆகட்டும். மடையை ஒரேடியா வெட்டி விட்டா வரப்பு ஒடஞ்சுருமல்ல, அது மாதிரித்தான் இதும். கொஞ்சம் கொஞ்சமா தண்ணி விடோணும்."

முதல் நாள் மட்டும் இருபது தடவைக்கு மேல் ஆஃப் ஆகியிருக்கும். இரண்டாம் நாள் கடைசியில் அந்த உதறல் இடது பாதத்தின் அடியில் தெரிய ஆரம்பித்தது, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் ஓட்டியபோது இன்னும் நன்றாகத் தெரிந்தது. ஐந்தாம் நாள் சிவன்மலைக்குக் கூட்டிப் போனார், மலைப் பாதையில் பாதியில் நிறுத்தச் சொல்லி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கிளட்ச்சை அந்த உதறல் வரை விட்டு, அதற்கப்புறம் ஹேண்ட் பிரேக்கை எடு என்றார். வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாமல் ஏறியது. தோட்டத்து மேட்டில் எனக்கு முன்பு தெரியாமல் போனது இவ்வளவுதான்.

ஆக, முதல் மூன்று நாளில் வண்டி பல தடவை ஆஃப் ஆனால் கவலைப்படாதீர்கள், மாஸ்டர் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறார். ஒரு தடவைகூட ஆஃப் ஆகாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அதே பின் சீட்டில் இருந்தபடி அவர் வாயையும் கவனியுங்கள். பழகுகிறவர் தப்புச் செய்தால் அவர் என்ன சொல்கிறார்? "இதுகூடத் தெரியாதா", "உங்களுக்கெல்லாம் எதுக்குங்க காரு" என்று பேசுகிறவரிடம் நீங்கள் இருபது நாள் உட்கார்ந்தாலும் கை விறைத்துக்கொண்டுதான் இருக்கும். பின்னால் ஹாரன் அடித்தால் அவர் பதறுகிறாரா என்று பாருங்கள். என் மாஸ்டர் "அவனுக்கு அவசரம்னா அவன் சுத்திப் போகட்டும், நீங்க கண்ணாடியைப் பாத்துட்டு நிதானமா எடுங்க" என்பார், அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரிடம் நான் ஐந்து பேரை அனுப்ப நினைத்தேன், தூரம் காரணமாக இரண்டு பேரைத்தான் அனுப்ப முடிந்தது. வகுப்பு நேரத்தில் போன் பேசுகிறவர், வழியில் வண்டியை நிறுத்திச் சொந்த வேலை பார்க்கிறவர், உங்களை வைத்துத் தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுகிறவர், இவர்கள் வேண்டாம்.

சீட்டையும் கண்ணாடியையும் சரிசெய்யச் சொல்லாமல் நேராகச் சாவியைத் திருப்பச் சொல்கிறவரும் வேண்டாம். கிளட்ச் முழுக்க மிதித்தபோது முழங்கால் லேசாக மடங்கியிருக்கிறதா என்று பார்த்து சீட்டை முன்னால் இழுத்துவிடுவதுதான் முதல் பாடம். குட்டையானவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, பாதிப் பயம் அதிலேயே போய்விடும்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று

கியர் மாற்றக் கற்றுத் தருகிறேன் என்று உங்கள் கை மேல் கை வைத்து அழுத்துவது தேவையே இல்லாத விஷயம். கியர் எங்கே இருக்கிறது என்று வண்டியை நிறுத்தி வைத்துக் காட்டினாலே போதும், ஸ்டீயரிங்கைத் திருத்த வேண்டுமென்றால் விளிம்பைப் பிடித்தாலே போதும். முதல் நாளே நேராகச் சொல்லிவிடுங்கள், "வாயில சொல்லுங்க போதும், நானே போட்டுக்கறேன்." நல்ல மனுஷன் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். அதற்கப்புறமும் நடந்தால் அந்த இடத்திலேயே வண்டியை ஓரம் கட்டி இறங்கிவிடுங்கள், பணத்தைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். முதல் சில நாள் பின் சீட்டில் வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. கோவை, ஈரோடு மாதிரி ஊர்களில் பெண் மாஸ்டர்களும் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். ஆனால் பெண் என்பதற்காக மட்டும் சேர்ந்துவிடாதீர்கள், அவர்கள் காலையும் பார்க்கத்தான் வேண்டும். என் தங்கச்சி மகள் கோவையில் ஒரு அக்காவிடம் பழகினாள், அந்த அக்கா கிளட்ச் பெடலைத் தொட்டதே இல்லை என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறாள்.

சேர்ந்த பிறகு ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியில் ஏறியதும் மணியையும் கிலோமீட்டர் ரீடிங்கையும் எழுதுங்கள், இறங்கும்போது மறுபடி எழுதுங்கள். ஒரே வண்டியில் மூன்று நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, ஒருவரை வீட்டில் இறக்கி இன்னொருவரை ஏற்றி என்று சுற்றும்போது உங்கள் அரை மணி நேரம் பதினைந்து நிமிஷமாகச் சுருங்குவது உங்களுக்கே தெரியாது. 20 நாள் அரை மணி என்றால் 10 மணி நேரம், 20 நாள் பதினைந்து நிமிஷம் என்றால் 5 மணி நேரம். நோட்டில் கணக்கு இருந்தால் சண்டை போட வேண்டியதில்லை, காட்டினாலே போதும், என் நங்கையாவுக்கு அப்படித்தான் நான்கு வகுப்பு கூடுதலாகக் கிடைத்தது. மற்றவர் ஓட்டும்போது பின்னால் உட்கார்ந்து பார்ப்பதும் பாடம்தான், அதை நான் குறை சொல்லவில்லை, ஆனால் அது நீங்கள் ஓட்டிய கணக்கில் வராது.

அதே நோட்டில் எந்த ரோட்டில் ஓட்டினீர்கள் என்றும் எழுதுங்கள். தினமும் அதே நான்கு கிலோமீட்டர், அதே திருப்பம் என்றால் பத்தாம் நாளுக்கு மேல் நீங்கள் அந்த ரோட்டைப் பழகுகிறீர்கள், காரைப் பழகவில்லை. நம் பக்கத்து ரோடுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. கோவைக்காரர் என்றால் சிக்னலை எடுத்துவிட்டு யூ டர்ன் வைத்திருக்கும் இடங்களில் வேகமாக வரும் வண்டிகளுக்கு நடுவில் எப்படிச் சேர்வது, லாலி ரோடு மாதிரி ரவுண்டானாவில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு எப்படி வழி விடுவது என்று கட்டாயம் பழக்கிவிட வேண்டும். மழைக்காலத்தில் லங்கா கார்னர் மாதிரி ரயில் பாலத்துக்கு அடியில் தண்ணீர் நின்றால் உள்ளே விடாமல் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லித் தருகிறவர் நல்ல மாஸ்டர். பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் இருப்பவர்கள் ஆடிக் காற்றில் ஒரு நாளாவது ஓட்ட வேண்டும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது லாரியைத் தாண்டிய அந்த நொடியில் ஸ்டீயரிங் எப்படி இழுக்கும் என்பது வாயால் சொன்னால் புரியாது. சத்தி, கோபி பக்கம் கரும்பு வெட்டும் காலத்தில் பின் விளக்கு இல்லாத டிராக்டர்கள் பொழுதோட ரோட்டில் வரும், திருப்பூரில் கம்பெனி விடும் நேரத்துக் கூட்டம் தனி. உங்கள் ஊரில் எது சிரமமோ அதைக் கேட்டு வாங்குங்கள். "நாளைக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் போலாமுங்க மாஸ்டர்" என்று நீங்களாகக் கேட்டால் நல்ல மாஸ்டர் சந்தோஷப்படுவார். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவும் வால்பாறையின் 40 வளைவும் பழகும் இடம் இல்லை, அதை லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மலையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர்தான் ஒதுங்கி வழி விட வேண்டும் என்பதை இப்போதே தெரிந்துகொள்ளலாம்.

ரிவர்ஸுக்கு என்று முழுசாக இரண்டு வகுப்பாவது கேளுங்கள். பல ஸ்கூல்களும் இதைத்தான் கடைசி நாளில் ஐந்து நிமிஷத்தில் முடிக்கின்றன.

மாற்ற வேண்டுமென்றால்

ஐந்தாம் நாள் ஆகியும் அவர் முழங்கால் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் ஒரு தடவை நேரில் சொல்லுங்கள், "கிளட்ச்சை எங்கிட்ட விட்டுருங்க, ஆஃப் ஆனா ஆகட்டும்." பல பேர் உடனே மாற்றிக்கொள்வார்கள், இதுவரை யாரும் கேட்டதே இல்லை என்பதால்தான் அப்படிச் செய்திருப்பார்கள். மாறாவிட்டால் அதே ஸ்கூலில் வேறு மாஸ்டர் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் வெளியே வந்துவிடுங்கள். எல்.எல்.ஆர் உங்கள் பெயரில் இருக்கிறது, ஸ்கூலின் சொத்து இல்லை, அதன் அசலையும் விண்ணப்ப எண்ணையும் எப்போதும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக் காருக்கான லைசென்ஸுக்கு டிரைவிங் ஸ்கூல் சான்றிதழ் கட்டாயம் இல்லை, டெஸ்டுக்கு நீங்களே தேதி எடுத்து, எல் போர்டு ஒட்டிய உங்கள் வண்டியிலேயே ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழோடு லைசென்ஸ் உள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். போன பணம் மனதை உறுத்தும், எனக்கும் உறுத்தியது. ஆனாலும் இரண்டாவது மாஸ்டருக்குக் கட்டிய பணத்தைப் பற்றி நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

லைசென்ஸ் கைக்கு வந்ததும் அதே மாஸ்டரிடம் இன்னும் இரண்டு வகுப்புக்குப் பேசுங்கள், இந்தத் தடவை உங்கள் வீட்டு வண்டியில். அதில் அவர் பக்கம் பெடல் இருக்காது, கிளட்ச் உங்கள் காலுக்குப் புதிதாக இருக்கும், உதறல் வேறு இடத்தில் வரும், அதைக் கண்டுபிடிக்க ஒரு அரை மணி நேரம் ஆகும். இரண்டில் ஒரு வகுப்பை ராத்திரி ஏழு மணிக்கு மேல் வையுங்கள். எதிரே வருகிறவர் ஹை பீமை இறக்காமல் வரும்போது அவர் விளக்கைப் பார்க்காமல் ரோட்டின் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே எப்படி வேகத்தைக் குறைப்பது என்பதைப் பகல் வகுப்பில் யாரும் சொல்லித் தருவதில்லை.